பத்து கார்டுக்கு ஒரு கார்டு

கேள்வி: மேஜிக் த கேதரிங் என்ற சேகரிப்புக் கார்டு விளையாட்டைப் பதினைந்து ஆண்டுகளாக ஆடி வருகிறேன். எங்கள் வட்டத்தில் வாரந்தோறும் நடக்கும் போட்டியை நானும் நண்பர்கள் இருவரும் முன்னின்று நடத்துகிறோம். முப்பது பேர் வந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகள் இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். வீட்டிலோ, 'குடும்பத்தைவிடக் கார்டு பெரிதாகிவிட்டதா?' என்று மனைவி சண்டை பிடிக்கிறாள். எனக்கு வேறு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. ஒன்பது வயது மகனின் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த கார்டு பாக்கெட்டில் நான் நெடுநாளாகத் தேடிய ஒரு கார்டு இருந்தது. பத்து கார்டு கொடுத்து அதை மாற்றிக்கொண்டேன், அவனும் சந்தோஷமாகத்தான் கொடுத்தான். அதைச் சேர்த்த பிறகு சென்ற மாதம் இரண்டாம் இடம் பெற்றேன். முன்பு என்னோடு வந்த மகன் இப்போது வருவதில்லை. மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: கணவரின் விளையாட்டு, மனைவியின் கோபம் என்று வரும் கடிதங்களை ஆண்டுக்கணக்கில் படித்து வருகிறேன். நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அவற்றில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். உங்கள் கடிதத்தை அப்படித் தீர்க்க எனக்கு மனம் வரவில்லை. பத்து கார்டு கொடுத்து ஒன்றை மாற்றிக்கொண்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

அந்தப் பத்தும் என்ன கார்டுகள்? உங்கள் ஆட்டத்தில் 1998 முதல் பெரும்பாலான கார்டுகளில், படத்துக்குக் கீழே வலது ஓரத்தில், சுண்டுவிரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய ஒரு சின்னம் இருக்கிறது. அது கறுப்பாக இருந்தால் எங்கும் கிடைக்கும் காமன், வெள்ளியாக இருந்தால் அதற்கு ஒரு படி மேல், தங்கமாக இருந்தால் அரிதான ரேர், அதைவிடவும் அரிதாக 2008-இல் வந்த மித்திக் ரேர் என்றால் செம்மஞ்சள். பதினைந்து ஆண்டு ஆடியவருக்கு இது கண்ணை மூடினாலும் தெரியும். நீங்கள் கொடுத்த பத்தில் எத்தனை கறுப்பு, அவனிடமிருந்து வாங்கியதில் என்ன நிறம் என்பதை நீங்கள் எழுதவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒன்றைவிடப் பத்து பெரியது. அவன் சந்தோஷப்பட்டது அந்தக் கணக்கை நம்பித்தான். அந்தக் கணக்கு தவறு என்று அந்த அறையில் தெரிந்திருந்த ஒரே ஆள் நீங்கள்.

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து இந்த ஆட்டம் வெளிவந்தபோது அதில் பணயம் இருந்தது. ஆளுக்கொரு கார்டைத் தம் டெக்கிலிருந்து, அதாவது ஆடக் கொண்டுவந்த கார்டுக் கட்டிலிருந்து, எடுத்து வைத்துவிட்டு ஆடுவார்கள், வென்றவர் இரண்டையும் கொண்டுபோவார். அந்தப் பழக்கம் பின்னர் கைவிடப்பட்டது. பணயத்தைப் பற்றிப் பேசும் பழைய கார்டுகளுக்கு அங்கீகாரம் பெற்ற போட்டி எதிலும் இன்று இடமில்லை. அந்தக் காலத்தில் கார்டைத் தோற்றவராவது தம் கையால் பணயம் வைத்து, ஒரு ஆட்டம் ஆடித் தோற்றார். உங்கள் மகனுக்கு அந்த ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை.

என் தம்பி மகன் இந்த ஆட்டம் ஆடுவான்; ஒரு நாள் முழுவதும் அவன் அருகில் உட்கார்ந்து போட்டியைப் பார்த்திருக்கிறேன். டெக்கைக் கலைத்த பிறகு எதிராளியின் முன் வைக்கிறார்கள், அவரும் ஒருமுறை கலைத்துத் திருப்பித் தருகிறார், இருவரும் அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாவிட்டால் கையை உயர்த்தி நடுவரைக் கேட்கலாம். தீர்ந்தால் தோல்வி என்றாகும் உயிர்ப்புள்ளி இன்னும் எத்தனை மீதம் என்று கேட்டால் பொய் சொல்லக் கூடாது. பரிசில் பங்கு தருகிறேன், விட்டுக்கொடு என்று பேரம் பேசினால் போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் இத்தனை நேர்மையாக நடந்துகொள்ளும் ஒரு மனிதர், வீட்டுக்கு வந்து பெற்ற பிள்ளையிடம் இப்படி நடந்துகொள்ளலாமா? நீங்கள் செய்தது தவறு, ஐயா. குழந்தையின் பெயரில் வந்த பொருள் குழந்தையுடையது. அதன் மதிப்பு அவனுக்குத் தெரியாத வயதில், அவனுக்காக அதைக் காத்து வைப்பது தகப்பனின் கடமை. வேறொருவர் அவனிடம் இந்த மாற்று கேட்டிருந்தால் நீங்களே எழுந்து தடுத்திருப்பீர்கள். வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய் முறையிடும்?

அவன் ஏன் வருவதில்லை என்று உங்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிகிறது. உங்கள் போட்டியில் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே எல்லோரும் பேசுவது எந்தக் கார்டு என்ன விலை போகிறது என்பதைத்தான். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், நீங்கள் அந்தக் கார்டை மேசையில் இறக்கியபோது எதிராளியின் முகம் மாறியதையும் பார்த்திருப்பான். அன்றைக்கே அவனுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவைக் கேட்கும் துணிவு அந்த வயதில் வராது, வராமல் நின்றுவிடத்தான் தெரியும். புதுப்பிள்ளைகள் நிற்காததற்கும் இதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் இடத்தில் கார்டு மாற்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஒரு மாதம் கவனியுங்கள். சிறுவர்களோடு மாற்றிக்கொள்வதென்றால் அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும், இரு பக்கத்து மதிப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டுக் கணக்கை முடியுங்கள். முடிக்காமல் அந்தக் கட்டுப்பாட்டைச் சொல்ல உங்களுக்கு வாய் வராது.

உங்கள் மனைவி நேரத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். குடும்பத்தைவிடக் கார்டு பெரிதாகிவிட்டதா என்று அவர் கேட்டிருக்கிறார். நடந்ததை வைத்துப் பார்த்தால் அதற்கு உங்களிடம் இருக்கும் விடை அவருக்குச் சாதகமானது. அவருக்குப் புரியவைக்க எதுவும் இல்லை.

இன்றிரவே அந்தக் கார்டை ஸ்லீவ் உறையிலிருந்து எடுத்து மகன் கையில் கொடுங்கள். அந்தச் சின்னத்தைக் காட்டி, நிறம் எதைக் குறிக்கிறது என்றும், இதன் மதிப்பு என்னவென்றும், அன்று இதைச் சொல்லாமல் வாங்கியது தப்பு என்றும் சொல்லுங்கள். 'உனக்கும் அன்று சம்மதம்தானே' என்ற பேச்சே வரக் கூடாது. நீங்கள் கொடுத்த பத்தும் அவனிடமே இருக்கட்டும். அவன் திரும்பவும் உங்களுக்குத் தர முன்வந்தாலும், இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் டெக்கில் அறுபதுக்கு ஒன்று குறையும். குறைந்த இடத்தில் எல்லோரிடமும் இருக்கும் சாதாரண லேண்ட் கார்டு ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்த வாரப் போட்டிக்குப் போங்கள்.