டயாலிசிஸைக் குறைத்துக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து 30 வருஷமாக மும்பை தாராவியில் இருக்கிறோம். கணவருக்கு வயது 48. சர்க்கரை நோயில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. 14 மாதமாகத் தனியார் மையத்தில் வாரம் மூன்று டயாலிசிஸ், தடவைக்கு 1,500 ரூபாய். ஊசி, மாத்திரைக்கு மாதம் 6,000. தோல் பட்டறை வேலை நின்றுவிட்டது. நான் இட்லி போட்டு விற்று மாதம் 12,000, கூரியர் கம்பெனியில் மகனுக்குச் சம்பளம் 16,000. மகள் பதினொன்றாவது படிக்கிறாள். போன தீபாவளிச் சமயத்தில் இரண்டு டயாலிசிஸ் தவறி, மூச்சு முட்டி, தனியார் மருத்துவமனை ஐசியூவில் 5 நாள் இருந்தார். பில் 2,10,000. மகளுக்காக வைத்திருந்த 8 பவுனை 2 வட்டிக்கு அடகு வைத்து 1,50,000 கட்டினோம். 60,000 பாக்கி. கணவர் நோய்க்கு முன்பே வாங்கிய ஃபைனான்ஸ் கடன் 2 லட்சம், மாதத் தவணை 7,400. தெரிந்தவரிடம் 5 வட்டிக்கு 1 லட்சம். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் அவரிடம் இருக்கிறது, இப்போது வீட்டுப் பத்திரத்தையும் கேட்கிறார். மொபைல் ஆப்களில் 45,000. ஆரஞ்சு ரேஷன் கார்டு உண்டு, ஆனால் ஆதாரில் ஒரு பெயர், கார்டில் ஒரு பெயர் என்று அரசுத் திட்டத்தில் சேர்க்காமல் அனுப்பிவிட்டார்கள். டயாலிசிஸை வாரம் இரண்டாகக் குறைத்துக் கடனைக் கட்டலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: சகோதரி, டயாலிசிஸைக் குறைக்க வேண்டாம்.

வாரத்தில் ஒன்றைக் குறைத்தால் மாதம் சுமார் 6,500 ரூபாய் மிஞ்சும். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 78,000தான். தீபாவளிக்கு இரண்டே தடவை தவறியதற்கு நீங்கள் கொடுத்த விலை 2,10,000. ஆரோக்கியமான சிறுநீரகம் இரவும் பகலும் செய்யும் வேலையை, தடவைக்கு 4 மணி நேரம் என்று வாரம் 12 மணி நேரத்தில் ஓர் இயந்திரம் ஈடுகட்டப் பார்க்கிறது. அதிலும் குறைத்தால் தண்ணீர் நுரையீரலில் தேங்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஏறினால் அறிகுறி எதுவும் காட்டாமலே இதயம் நின்றுபோகலாம். சிலருக்கு வாரம் இரண்டு போதும் என்று சிறுநீரக மருத்துவர் சொல்வது உண்டு. சிறுநீர் இன்னும் எவ்வளவு போகிறது, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று பார்த்து அவர் எடுக்கும் முடிவு அது. கடன்காரருக்குத் தவணை வரும் தேதியைப் பார்த்து வீட்டில் எடுக்கிற முடிவு இல்லை. இன்னொன்று, நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அன்போடு இளநீர் வாங்கி வருவார்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு அதில் இருக்கும் பொட்டாசியம் ஆபத்து. தயங்காமல் சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

மருத்துவ சமூகப் பணியாளராக வேலை பார்ப்பதால் உங்களுடையதைப் போன்ற கணக்குகள் என் மேஜைக்கு அடிக்கடி வருகின்றன. எல்லாரும் கடனிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நான் சிகிச்சைச் செலவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். டயாலிசிஸுக்கும் மருந்துக்கும் மாதம் 25,000 போய்க்கொண்டிருக்கும் வரை எந்தக் கடனை அடைத்தாலும் அந்த இடத்தில் இன்னொரு கடன் வந்து உட்காரும்.

மகாராஷ்டிராவின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கிய யோஜனாவில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. முன்பு 1.5 லட்சமாக இருந்தது. 2023-ல் அரசு அதை உயர்த்தி, எல்லா ரேஷன் கார்டுக்காரர்களுக்கும் திறந்துவிட்டது. டயாலிசிஸ் அதில் அடங்கும். திட்டத்தில் இருக்கும் மருத்துவமனையில் செய்தால் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டியதில்லை. இதுவரை கட்டிய பணம் திரும்பி வராது. அதனால் ஒவ்வொரு வாரத் தாமதமும் உங்களுக்கு நஷ்டம்.

பெயர்ப் பிரச்சினை மும்பைத் தமிழர்கள் பலருக்கும் இருக்கிறது. இங்கே அரசாங்கக் காகிதம் எல்லாம் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று சொல் கேட்கும். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். ரேஷன் கார்டு எழுதியவர் ஊர்ப் பெயரையோ சாதிப் பெயரையோ மூன்றாவதாகச் சேர்த்திருப்பார். ஆதார் எடுத்தவர் இனிஷியலோடு விட்டிருப்பார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது. ஆதாரைத் தொட வேண்டாம். வங்கிக் கணக்கு, பான் எல்லாம் அதோடு பிணைந்திருக்கிறது. உங்கள் பகுதி ரேஷனிங் ஆபீஸில் கார்டில் உள்ள பெயரை ஆதாரில் இருப்பதுபோலவே திருத்தக் கேளுங்கள். ஆதார் நகல், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற அஃபிடவிட், டயாலிசிஸ் ஃபைலின் முதல் பக்கம் மூன்றையும் கொண்டுபோங்கள். நோயாளியின் அவசரம் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கொடுத்ததற்கு முத்திரையோடு நகல் வாங்காமல் வராதீர்கள். அப்புறம் திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் ‘ஆரோக்கிய மித்ரா’ மேஜைக்குப் போங்கள், திட்டத்தில் சேர உதவுகிறவர் அவர்தான். எங்கெல்லாம் டயாலிசிஸ் இடம் இருக்கிறது என்று திட்டத்தின் உதவி எண் 155388-ல் கேட்கலாம்.

இந்த வேலை முடியும்வரை தனியார் மையத்திலேயே கொடுக்க வேண்டுமா? வேண்டாம். உங்களுக்குப் பக்கத்தில் சயான் மருத்துவமனை, பரேலில் கேஇஎம். இந்த மாநகராட்சி மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் பிரிவு உண்டு. ஏழை நோயாளிகளுக்கான நிதியிலிருந்து மருந்துக்கு உதவி கேட்பதும், அறக்கட்டளைகளுக்குக் கடிதம் எழுதுவதும் அவர்கள் வேலை. டயாலிசிஸுக்கு அங்கே காத்திருப்போர் வரிசை இருக்கும். பெயரைப் பதிந்துவிட்டு, அறக்கட்டளைகள் குறைந்த கட்டணத்தில் நடத்தும் டயாலிசிஸ் மையங்களின் விவரத்தையும் அங்கேயே கேளுங்கள். மும்பையில் அவை நிறைய. சித்தி விநாயகர் கோவில் அறக்கட்டளையும் மருத்துவ உதவி தருகிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஜெனரிக் பெயரில் எழுதித் தரச் சொல்லி அரசின் மலிவு விலை மருந்துக் கடையான ஜன் ஔஷதியில் வாங்குங்கள்.

மகனின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதம் 21,000 வரை வாங்குகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. பிடித்தம் இருந்தால், வருமானம் இல்லாமல் அவரை நம்பி இருக்கும் அப்பாவையும் அதில் சேர்க்க முடியும். டயாலிசிஸ் மாதிரி பெரிய சிகிச்சைக்கு எத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தும், அது அப்பாவுக்கும் சேரும் என்று தெரியாமலே தனியாரிடம் பணம் கட்டுகிற குடும்பங்கள் உண்டு.

சரி, கடனுக்கு வருவோம். 5 வட்டிக் கடன்தான் முதல். மாதம் 5,000, வருஷம் 60,000. அசல் அப்படியே நிற்கும். நகை அடகில் மாதம் 3,000. இந்த இரண்டுக்கும் சேர்த்து நீங்கள் மாதம் 8,000 கொடுக்கிறீர்கள், அதாவது இட்லிக் காசில் மூன்றில் இரண்டு பங்கு.

நான் சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கும். இன்றைய தங்க விலையில் உங்கள் 8 பவுனின் மதிப்பு, அதன் மேல் வாங்கிய கடனைவிட மிக அதிகம். அதில் மூன்று, நான்கு பவுனை விற்றால் அடகும் தீரும், 5 வட்டிக் கடனும் தீரும், மீதி நகை வீட்டுக்கு வரும். மகளுக்கென்று சேர்த்தது என்று நினைப்பீர்கள். விற்காவிட்டால் வட்டி ஏறி, முழு நகையும் ஒருநாள் ஏலத்துக்குப் போகும். அப்போது மகளுக்கு ஒரு கிராம்கூட மிஞ்சாது. அவளுக்கு இன்னும் படிப்பு இருக்கிறது, கல்யாணத்துக்கு வருஷங்கள் இருக்கின்றன. விற்க மனசே வரவில்லை என்றால், குறைந்தபட்சம் அடகை வங்கி நகைக் கடனுக்கு மாற்றுங்கள். கடைக்காரரின் 2 வட்டி வருஷத்துக்கு 24 சதவீதம். வங்கியில் அதில் பாதிகூட வராது. ஆனால் என்னைக் கேட்டால், விற்றுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நோய் நீண்ட காலம் இருக்கப்போகிற வீட்டில் வட்டி இருக்கக் கூடாது.

5 வட்டிக்காரரிடம் பணத்தை நீட்டும் முன் பேசுங்கள். மகாராஷ்டிராவில் 2014-ல் வந்த வட்டித்தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம். லைசென்ஸ் இருந்தாலும் அரசு நிர்ணயித்த வட்டிக்கு மேல் வாங்க முடியாது. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். நம் ஆட்களுக்குள் கொடுக்கல் வாங்கல் என்றால் ஊர்ச் சங்கத்திலோ கோவில் கமிட்டியிலோ இரண்டு பேருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவர் இருப்பார். அவரை வைத்துக்கொண்டு, இதுவரை கட்டிய வட்டியைக் காட்டி, அசலை மட்டும் வாங்கிக்கொள்ளக் கேளுங்கள். கூகுள் பே, வங்கி மூலம் கட்டியதையெல்லாம் பிரிண்ட் எடுத்து வையுங்கள். பணம் கை மாறும் அதே நிமிஷம் செக்கும் திரும்பி வர வேண்டும், தீர்ந்தது என்று எழுத்தும் வேண்டும். ஒத்துவராமல் அவர் செக்கை வங்கியில் போட்டுத் திரும்பினால், வக்கீல் நோட்டீஸ் வரும். கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் உங்களுக்கு அவகாசம். நோட்டீஸைப் பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள். இலவச சட்ட உதவிக்கான 15100 எண்ணுக்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க 1987-ஆம் வருஷச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வீட்டுப் பத்திரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருக்கிறோம் என்று நிரூபிப்பவர்களுக்குத்தான் இலவச வீடு. அந்த நிரூபணம் குடிசைக்காரர்களுக்கு அரசு கொடுத்த அடையாளச் சீட்டான போட்டோ பாஸிலும் பழைய மின்சார பில்லிலும் இருக்கிறது. 1 லட்சத்துக்காக அதை இன்னொருவர் கையில் கொடுத்தால், மும்பையில் உங்களுக்கு இருக்கும் ஒரே சொத்து அவர் தயவில் நிற்கும்.

ஃபைனான்ஸ் கடனில் நான் முதலில் பார்ப்பது கடன் ஒப்பந்தத்தின் பின் பக்கங்களை. கடன் கொடுக்கும்போதே இன்சூரன்ஸ் பிரீமியம் என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வது வழக்கம். அப்படிப் பிடித்திருந்து, அதில் கடும் நோய்ப் பாதுகாப்பும் இருந்தால், நிரந்தர டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரகச் செயலிழப்பு பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். உங்கள் கணவர் நோய்க்கு முன்பே வாங்கிய கடன் என்பதால் கேட்டுப் பார்ப்பது அவசியம். ஏற்கனவே இருந்த சர்க்கரை நோயைக் காட்டி மறுக்கவும் கூடும். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் இல்லை என்றால், டயாலிசிஸ் சான்றிதழை இணைத்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டக் கேட்டுக் கடிதம் கொடுங்கள்.

ஆப் கடனில், ஒன்றை அடைக்க இன்னொன்றை எடுப்பதை இன்றே நிறுத்துங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது, சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மீறினால் கடன் கொடுத்த கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு எண் 14448. உங்கள் படத்தை அசிங்கமாக மாற்றித் தெரிந்தவர்களுக்கு அனுப்புவேன் என்று மிரட்டினால் அது சைபர் குற்றம், 1930-க்கு அழையுங்கள்.

மருத்துவமனைப் பாக்கியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். வாசலில் வந்து நிற்பார்களோ என்ற கூச்சத்தில் இதைத்தான் பலர் முதலில் கட்டுகிறார்கள். வட்டி ஓடாத கடன் உங்களிடம் அநேகமாக இது ஒன்றுதான். ஒவ்வொரு வரியாகப் பிரித்த பில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அப்புறம் மாதம் 1,000, 2,000 என்று கட்டுகிறேன் என எழுதிக் கொடுங்கள். அது அறக்கட்டளை மருத்துவமனையா என்றும் விசாரியுங்கள். மகாராஷ்டிராவில் அப்படிப்பட்ட மருத்துவமனைகள் 10 சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தைச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். பழைய பில்லுக்கு அந்தச் சலுகையை அவர்கள் மறுக்கலாம், கேட்பதில் தவறில்லை. இனி எப்போதாவது அட்மிட் ஆக வேண்டி வந்தால், முதல் நாளே ரேஷன் கார்டையும் வருமானச் சான்றையும் காட்டி அங்கிருக்கும் சமூகப் பணியாளரைப் பாருங்கள்.

உங்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இப்போது சிகிச்சைக்கும் வட்டிக்கும் தவணைக்கும் மாதம் சுமார் 41,000 வேண்டும், வருமானம் 28,000. டயாலிசிஸ் திட்டத்துக்குள் வந்து, நகையும் 5 வட்டியும் தீர்ந்தால், ஃபைனான்ஸ் தவணையும் மருந்தும் சேர்ந்து 13,000 சுமாருக்கு நிற்கும். ஆப் கடனையும் மருத்துவமனைப் பாக்கியையும் மிச்சத்தில் மெல்லக் கட்டலாம்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கணவரிடம் காட்டுங்கள். டயாலிசிஸைக் குறைக்கலாம் என்று அவர் சொல்வது பணக் கணக்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சம்பாதித்துக்கொண்டிருந்த மனிதர் தன்னால்தான் வீடு மூழ்குகிறது என்று நினைக்க ஆரம்பித்தால் இப்படித்தான் பேசுவார். ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்கிற மாதிரி ஏதாவது சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே டயாலிசிஸ் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அவர் பேச மறுத்தால் முதலில் நீங்கள் பேசுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த எண்தான்.