டாக்டரைக் கேளுங்கள்: ரேஷன் எண்ணெய் முதல் டோடோ வரை

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ரகம். வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது, அதில் ‘புதிய ஆராய்ச்சி’ என்கிறார்கள், நம்பலாமா? சிலதை நம்பலாம், சிலதைப் பாதி நம்பலாம், ஒன்றிரண்டைப் பார்த்த கையோடு அழித்துவிடலாம். அதனால் தனித்தனியாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் தம்பி, சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் விஷம் என்று ஏதோ ஒரு அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டில் இனிமேல் வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும்தான் என்கிறாள் என் மருமகள். முப்பது வருஷம் சோயா எண்ணெயில் கதோ பிமா (பருப்பும் மிளகாயும் சேர்த்துச் சுடும் நம்மூர் வடை) சுட்டு விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அப்படியானால் ஊருக்கே விஷம் வைத்தேனா?
— ஒரு பாட்டி, ரோஸ் ஹில்

இல்லை அம்மா, நிம்மதியாக இருங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தேடி அமெரிக்கா போகவே வேண்டாம், உலகத்துக்கே இதில் பாடம் சொன்னது நம் மொரிஷியஸ்தான். உங்கள் மருமகளுக்கு அது தெரிய வாய்ப்பில்லை, அவர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்.

1987இல் நம் தீவில் பெரியவர்களிடம் ரத்தம் எடுத்து ஒரு பெரிய சர்வே நடந்தது. அந்தக் காலத்து ரேஷன் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போலவே நிறைவுற்ற கொழுப்பு அதிகம் உள்ளது. அதற்குப் பிறகு அரசாங்கம் ரேஷன் எண்ணெயை சோயாவுக்கு மாற்றியது, கூடவே புகை, குடி, உப்பு பற்றியெல்லாம் பிரசாரமும் செய்தது. 1992இல் மறுபடியும் சர்வே எடுத்தபோது, சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலில் இருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. ஒரு ஆளுக்கு மாத்திரை கொடுத்து இவ்வளவு இறக்கினாலே நாங்கள் சந்தோஷப்படுவோம், இது ஒரு நாட்டின் சராசரி! பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1995இலும் 1996இலும் இதைப் பற்றிக் கட்டுரைகள் வந்தன.

இரண்டாவது கட்டுரைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதை எழுதியவர்கள் தங்கள் வெற்றியையே சந்தேகப்பட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எண்ணெயில் கொழுப்பின் வகை மாறியதால் கொலஸ்ட்ரால் எவ்வளவு இறங்கியிருக்க வேண்டும் என்று பார்த்தால், நிஜமாக இறங்கியதில் சுமார் பாதிக்குத்தான் எண்ணெய் காரணம் என்று வந்தது. மீதிப் பாதிக்கு வேறு காரணங்கள் இருந்தாக வேண்டும். அதே ஐந்து வருஷத்தில் புகைபிடிக்கும் ஆண்களும் 58 சதவீதத்தில் இருந்து 47க்கு வந்துவிட்டார்கள், அதாவது ஊரில் ஒரே சமயத்தில் பல விஷயங்கள் மாறிக்கொண்டிருந்தன. எண்ணெய் மாற்றாத இன்னொரு மொரிஷியஸ் பக்கத்தில் இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம், அது இல்லையே!

தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். அதையும் மற்ற தாவர எண்ணெய்களையும் மனிதர்களுக்குக் கொடுத்து ஒப்பிட்ட 16 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூடியிருந்தது. சோயா எண்ணெயில் இருக்கும் ஒமேகா-6 என்ற கொழுப்பு உடம்பில் அழற்சியைக் கிளப்புகிறது என்று அந்த வீடியோக்காரர் சொல்லியிருப்பார், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆட்களுக்கு அதைக் கொடுத்து ரத்தத்தில் அளந்து பார்த்த ஆய்வுகளில் அழற்சி கூடியதாகத் தெரியவில்லை. பரிமாறும்போது ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றினால் ஒன்றும் ஆகிவிடாது, மருமகளோடு அதற்காகச் சண்டை போட வேண்டாம். ஒரே எண்ணெயை மூன்று நாள் திருப்பித் திருப்பிக் காய்ச்சிச் சுடுவதுதான் தப்பு. நீங்கள் அப்படிச் செய்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் மாறியும் சர்க்கரை வியாதி குறையவில்லை. 1987இல் சுமார் 13 சதவீதமாக இருந்தது 2009இல் 24ஐ நெருங்கியது. கொலஸ்ட்ராலை அரசாங்கத்தால் ரேஷன் கடை வழியாகவே ஓரளவு இறக்க முடிந்தது, சர்க்கரையை அப்படி இறக்க முடியவில்லை.

என் மாமியாருக்கு 71 வயது. போன வருஷம் இடுப்பைச் சுற்றி அக்கி வந்து இரண்டு மாதம் சரியாகத் தூங்கவே இல்லை. அக்கிக்கு ஊசி போட்டுக்கொண்டால் ஞாபக மறதி நோயும் வராது என்று பிரான்ஸில் இருக்கும் என் நாத்தனார் சொல்கிறார். எங்கே இடுப்பு, எங்கே மூளை? நிஜமாகவா?
— வாசகி, வாக்வா

‘வராது’ என்பது அதிகப்படி. ‘குறையலாம்’ என்றால் நாத்தனார் சொல்வதில் விஷயம் இருக்கிறது, அதுவும் சமீபத்தில் நான் படித்ததிலேயே அழகான ஆய்வு இது.

சின்ன வயதில் வந்த சின்னம்மை ஆறிய பிறகு அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் படுத்துக்கொள்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது எழுந்து ஒரு நரம்பு வழியாகத் தோலுக்கு வருவதுதான் அக்கி. அதனால்தான் உடம்பின் ஒரு பக்கமாக மட்டும் பட்டை போட்டதுபோல் வரும், வலியும் தோலில் இல்லாமல் நரம்பிலேயே இருக்கும். நம் பெரியவர்கள் குயவர் வீட்டுக்குப் போய்க் காவிமண்ணால் ‘அக்கி எழுதி’க்கொண்டு வருவார்கள். அதில் ஒரு ஆறுதல் இருந்திருக்கும், கிருமிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இப்போது ஆராய்ச்சி. ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் சும்மா ஒப்பிட்டால் பிரயோஜனமில்லை. தேடிப்போய் ஊசி போட்டுக்கொள்கிறவர் நடைக்கும் போவார், பிரஷர் மாத்திரையும் ஒழுங்காகப் போடுவார், அவருக்கு மறதி நோய் குறைவாக வந்தால் அது ஊசியாலா, ஒழுங்காலா? வேல்ஸ் நாட்டில் தற்செயலாக ஒரு வழி கிடைத்தது. 2013 செப்டம்பரில் அங்கே அக்கி ஊசித் திட்டத்தைத் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அது கிடையாது, அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு உண்டு என்று கோடு போட்டார்கள். யோசித்துப் பாருங்கள், ஆகஸ்ட் கடைசியில் பிறந்தவருக்கும் செப்டம்பர் முதல் வாரத்தில் பிறந்தவருக்கும் சாப்பாட்டிலோ படிப்பிலோ குணத்திலோ சராசரியாக என்ன வித்தியாசம் இருக்க முடியும்? ஒன்றும் இல்லை. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் கிட்டத்தட்ட ஒருவருமே ஊசி போடவில்லை, அந்தப் பக்கம் பாதிப் பேர் போட்டார்கள். ஏழு வருஷம் கழித்துப் பார்த்தால், ஊசியால் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு இது. பெண்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

ஐந்தில் ஒரு பங்கு என்பதைத் தலைப்பில் போட்டால் பெரிதாகத் தெரியும். நூறு பேர் கணக்கில் சொன்னால் மூன்று நான்கு பேருக்கு அந்த ஏழு வருஷத்தில் வராமல் இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் மறதி நோய்க்கு இவ்வளவு செய்ய வேறு என்ன வைத்திருக்கிறோம் என்று கேட்டால், ரொம்ப இல்லை. ஏன் இப்படி என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. கிருமி அடிக்கடி எழாமல் இருப்பதால் மூளைக்கு நல்லது என்கிறார்கள் சிலர், ஊசி எதிர்ப்புச் சக்தியையே பொதுவாகத் தட்டி எழுப்புகிறது என்கிறார்கள் வேறு சிலர்.

வேல்ஸில் போட்டது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த பழைய ஊசி. இப்போது பல நாடுகளில் போடுவது ஷிங்க்ரிக்ஸ், அதில் உயிருள்ள கிருமி கிடையாது, 50 வயதுக்கு மேல் இரண்டு டோஸ். அக்கி வந்து போனவர்களும் ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம். மாமியாரை அவருடைய டாக்டரிடம் அழைத்துப் போங்கள், மறதிக்காக இல்லாவிட்டாலும், அந்த இரண்டு மாத வலி இன்னொரு தடவை வராமல் இருப்பதற்காகவாவது.

எனக்கு 31 வயது, சர்க்கரை கிடையாது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, பத்து கிலோ குறைய வேண்டும். ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஓஸெம்பிக் வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
— பெயர் வேண்டாம், கத்ர் போர்ன்

வேண்டாம். பையில் போட்டுக்கொண்டு வரும் ஊசியில் உள்ளே என்ன இருக்கிறது, வழியில் குளிரில் இருந்ததா வெயிலில் இருந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது.

ஓஸெம்பிக் சர்க்கரை வியாதிக்காக வந்த ஊசி, மருந்து மோசம் என்று சொல்லவில்லை. உடல் பருமன் உள்ளவர்களுக்கு அதே மருந்தைக் கூடுதல் அளவில் 68 வாரம் கொடுத்த பரிசோதனையில் எடை சராசரியாகச் சுமார் 15 சதவீதம் குறைந்தது. 68 வாரம், மூன்று மாதம் இல்லை. டோஸையே மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதால் முழு அளவுக்கு வரவே நான்கு மாதம் ஆகிவிடும், அவசரப்பட்டு ஏற்றினால் மண்டபத்தில் மாலை மாற்றுவதை விட்டுவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருப்பீர்கள். நிறுத்திய ஒரே வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்பதையும் அதே குழுவினர்தான் எழுதினார்கள். கல்யாணத்துக்குத் துணி தைக்கிறவரிடம் சொல்லி இடுப்பில் ஓர் அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள்.

என் அப்பாவுக்கு 2006இல் சிக்குன்குனியா வந்தது, இன்னும் குளிர்காலத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்பார். 2025இல் பக்கத்துத் தீவான ரியூனியனில் மறுபடியும் பரவியதே, வந்தவருக்கே திரும்ப வருமா? ஊசி இருக்கிறது என்கிறார்கள், இல்லை என்கிறார்கள்.
— வாசகர், மாயேபூர்

ஒருமுறை வந்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி நீண்ட காலம் நிற்கிறது, அப்பாவைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலை எல்லாம் 2006க்குப் பிறகு பிறந்த பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான். அந்தத் தடவை ரியூனியனில் மூன்றில் ஒருவருக்கு வந்தது. காரணம், கிருமியின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியதுபோல் சின்ன மாற்றம். அதனால் நம் கொல்லையில் இருக்கும் வரிக்கொசுவுக்குள் அது சுலபமாகப் பெருக ஆரம்பித்தது.

ஊசி விஷயம் கொஞ்சம் சிக்கல். இக்ஸ்சிக் என்ற ஊசிக்கு 2023 நவம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் நோய் எப்போது எங்கே பரவும் என்று சொல்ல முடியாததால், ஊசி போட்டவருக்கு நோய் வராமல் இருந்ததா என்று பார்த்து அந்த அனுமதியைக் கொடுக்கவில்லை, ரத்தத்தில் எதிர்ப்பொருள் போதுமான அளவு வந்ததா என்று பார்த்துத்தான் கொடுத்தார்கள். பரிசோதனையில் இருந்தவர்கள் ஆரோக்கியமான பெரியவர்கள். 2025 ஏப்ரலில் ரியூனியனில் முதலில் யாருக்குப் போட்டார்கள்? 65 வயதைத் தாண்டிய, ஏற்கெனவே வேறு நோய்கள் உள்ளவர்களுக்கு. மூன்று வாரத்துக்குள் சிலருக்குக் கடுமையான பாதிப்பு, ஒருவர் இறந்தும் போனார், உடனே அந்த வயதினருக்கு நிறுத்தினார்கள். ஐரோப்பாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஜூலையில் அந்த வயதுத் தடையை எடுத்தது, ஆகஸ்டில் அமெரிக்காவோ உரிமத்தையே நிறுத்தி வைத்தது. உங்களுக்கு ‘இருக்கிறது’ என்றவரும் ‘இல்லை’ என்றவரும் இரண்டு பேருமே ஏதோ ஒரு மாதத்துச் செய்தியைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்! உயிருள்ள கிருமி இல்லாத விம்குன்யா என்ற இன்னொரு ஊசிக்கு 2025 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதற்கிடையில் பூத்தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள்.

அங்கிள், நம் தீவில் அற்றுப்போன டோடோ பறவையை மறுபடி உருவாக்கப் போகிறார்களாமே? நான் பெரியவனாகும்போது பார்க்க முடியுமா?
— மாணவன், வயது 11, க்யூர்பிப்

டோடோ மாதிரி ஒரு பறவையை ஒருவேளை பார்ப்பாய் தம்பி. அது டோடோதானா என்பதில் பெரியவர்களே அடித்துக்கொள்கிறார்கள்.

2023 ஜனவரியில் கொலோசல் என்ற அமெரிக்கக் கம்பெனி இந்தத் திட்டத்தை அறிவித்தது. டோடோவுக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா. பச்சையும் செம்பும் மின்னும், பார்த்தால் டோடோவின் சொந்தம் என்று நம்பவே மாட்டாய். ஆட்டைக் குளோனிங் செய்ததுபோல் பறவையைச் செய்ய முடியாது, மஞ்சள் கரு நிறைந்த முட்டைக்குள் அந்த வேலை நடக்காது. அதனால் புறாவின் கருவில் இருந்து, பிற்காலத்தில் முட்டையாகவும் விந்தாகவும் மாறப்போகும் செல்களை எடுத்து, அதில் டோடோவின் மரபணு எழுத்துகளைத் திருத்தி எழுதி, கோழிக் கருவுக்குள் வைப்பது அவர்கள் திட்டம். சாதாரண மாடப்புறாவின் அந்தச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துவிட்டதாக 2025 செப்டம்பரில் சொன்னார்கள். இதே கம்பெனி 2025 ஏப்ரலில் ‘பழங்கால ஓநாய் திரும்பிவிட்டது’ என்று காட்டியது 20 இடங்களில் திருத்திய சாம்பல் ஓநாயைத்தான், இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்.

சரி, வந்தால் எங்கே வாழும்? மாலுமிகள் கொண்டுவந்து விட்ட எலியும் குரங்கும் இன்னும் நம் காட்டில்தான் இருக்கின்றன. டோடோ தரையில் கூடு கட்டும் பறவை.

நான் உன் வயதில் இருந்தால் பிங்க் புறாவைப் பற்றிக் கேட்டிருப்பேன். 1990 வாக்கில் காட்டில் பத்து போலத்தான் மிச்சம் இருந்தன, இப்போது சில நூறு இருக்கின்றன. பிழைத்தது என்று எல்லோரும் கைதட்டிய பிறகு, 2022இல் அதன் மரபணுவை அலசியவர்கள் வேறு கதை சொன்னார்கள். எல்லாம் அந்தச் சில பறவைகளின் வாரிசுகள் என்பதால் குறையுள்ள மரபணுக்கள் சேர்ந்துகொண்டே போகின்றன, சும்மா விட்டால் இன்னும் 50 முதல் 100 வருஷத்தில் காட்டில் அற்றுப்போகலாம் என்றார்கள். வழியும் சொன்னார்கள்: ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகளில் வளரும் பிங்க் புறாக்களிடம் இங்கே இல்லாத மரபணு வகைகள் இருக்கின்றன, அவற்றின் குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்குள்ளவற்றோடு சேர்க்க வேண்டும். மாயேபூர் பக்கம் படகு ஏறினால் இல் ஓ ஸெக்ரெத் தீவில் அந்தப் புறாக்களை நேரில் பார்க்கலாம். அப்பாவிடம் காலையிலேயே கிளம்பச் சொல்.