ரீச்சரிடம் கேளுங்கள்: வரம்பு, வண்டு, கஞ்சி

கேள்வி: ரீச்சர், நான் உயர்தரத்தில் தமிழ் படிக்கிறேன். ‘வரம்பு மீறுதல்’ உருவகம் என்று படித்தோம். அப்படியென்றால் அது பேச்சுக்கு அழகு சேர்க்க வந்த அலங்காரம் மட்டுந்தானா? (மாணவி, விசுவமடு)

பதில்: எங்கள் ஐயாவுக்கு இரணைமடுக் குளத்தின் கீழே இரண்டு ஏக்கர் வயல் இருந்தது, பிள்ளை. காலபோகம் என்கிற மாரிகால நெற்செய்கைக்கு வரம்பு கட்டும்போது நானும் கூடப் போவேன். சேற்றை மண்வெட்டியால் கோலி எடுத்து, பழைய வரம்பின் பக்கத்தில் அப்பி, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டி மெழுகுவார். அந்த ஈரம் காயுமுன்னம் நடந்தால் கால் வழுக்கும். எட்டு வயதில் ஒருநாள் ஓடிப்போய் வழுக்கி, பக்கத்து வயலுக்குள் விழுந்தேன். அந்த வயல்காரர் எங்களுக்கு முந்தியே விதைத்திருந்தார். விரல் உயரத்துக்கு முளைத்து நின்ற நெல் என் முழங்காலின் கீழ் நசிந்து கிடந்தது. ஐயா என்னை ஏசவில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு பள்ளிக்கூடத்தில் ‘வரம்பு மீறாதே’ என்று வாசித்தபோது எனக்கு உரை தேவைப்படவில்லை. அது என் முழங்காலுக்கு முன்னமே தெரிந்திருந்தது. அலங்காரம் என்றால் கழற்றி வைக்கலாம். இதைக் கழற்றிவிட்டு அதே பொருளை வேறு எப்படிச் சொல்வாய்? ‘எல்லை’ என்பாய். அதுவும் நிலத்தில் இருந்து வந்த சொல்தான். ‘வயிறு எரியுது’, ‘நெஞ்சு கனக்குது’, ‘கைவிட்டிட்டான்’ எல்லாம் இப்படித்தான். உடம்பு பட்டதை வாய் எடுத்துக்கொள்ளும். ஆயிரம் பேர் சொல்லிச் சொல்லி அது பொருளாக உறையும்.

தொல்காப்பியத்தை எடுத்துப் பார். ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளுக்கு அடுக்குகிற சொற்களில் கண், கால், இடை, தலை, முன், பின், வலம், இடம் எல்லாம் வரும். நடுவில் ஒரு ஆள் நிற்காமல் முன் ஏது, பின் ஏது? 1980இல் ஜோர்ஜ் லேக்கொஃப், மார்க் ஜோன்சன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள், உருவகம் நம் நினைப்பிலேயே இருக்கிறது, அதன் வேர் உடம்பின் அனுபவத்தில் இருக்கிறது என்று எழுதினார்கள். அதைப் படித்தபோது ஐயா மெழுகிய வரம்புதான் என் கண்ணில் நின்றது.

கேள்வி: தோட்டத்தில் நின்ற என் மகள் ‘அப்பா, வண்டு!’ என்று கத்தினாள். நான் வானத்தைப் பார்த்துவிட்டேன். அவளுக்கு என்ன சொல்ல, ரீச்சர்? (ஒரு தகப்பன், ரொறன்ரோ)

பதில்: நானும் மேலேதான் பார்த்திருப்பேன், தம்பி. தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இலங்கைப் போர்க்காலத்தில் ஆளில்லா வேவு விமானத்தை வன்னியில் வண்டு என்றுதான் சொன்னோம். உயரத்தில் நின்று ரீங்காரித்தது, காது அந்தப் பெயரை வைத்தது. அது சுற்றத் தொடங்கினால் பின்னால் செல், அதாவது பீரங்கிக் குண்டு, வரும் என்று உடம்பு பழகியிருந்தது. அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் இறங்குவோம்.

அந்தச் ‘செல்’லும் அப்படித்தான். 2010இல், முகாமில் இருந்து திரும்பி வந்த தரம் 6 பிள்ளைகளுக்கு வினைச்சொல் படிப்பித்தேன். ‘செல், சென்றான், செல்வான்’ என்று தொடங்கினேன். முதல் சொல்லோடு முன் வரிசைப் பிள்ளை ஒன்று மேசைக்குக் கீழே போய்விட்டது. கை இரண்டும் காதில். மற்றப் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கரும்பலகையை அழித்துவிட்டு ‘நட, நடந்தான்’ என்று எழுதினேன். அகராதியைப் பார்த்தால் ஆங்கிலத்தில் இருந்து வந்த செல் ஒன்று, நம் வினைச்சொல் வேறொன்று. அந்தப் பிள்ளையின் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மகள் கண்டது பூச்சி. அவளுடைய வண்டு அதுவாகவே இருக்கட்டும். அவள் கூப்பிட்டால் கிட்டப் போய்க் குனிந்து பாருங்கள். உங்கள் வண்டைப் பற்றி அவள் வளர்ந்த பிறகு ஒருநாள் சொல்லுங்கள். ஆனால் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: மே மாதக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் விட அம்மம்மா விடுகிறா இல்லை. ஏன்? (சிறுமி, முல்லைத்தீவு)

பதில்: 2009இல், மே மாதத்தில் முடிந்த போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த கஞ்சியில் பால் இருக்கவில்லை, அம்மா. அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. அதற்கு முன்னம் கஞ்சி என்றால் எங்களுக்குக் காய்ச்சல்காரரின் சாப்பாடு. பால் விட்டால் ருசிக்குக் குடிப்பது. இப்போது மே மாதத்தில் எங்கள் பக்கத்தில் யாராவது ‘கஞ்சி’ என்றால், எந்தக் கஞ்சி என்று ஒருவரும் கேட்பதில்லை. அம்மம்மா காய்ச்சும்போது பக்கத்தில் இரு. எங்கள் ஒழுங்கையில் அதைச் சிரட்டையில் ஊற்றித்தான் கொடுப்போம்.