தொழில் கேள்வி – பதில்: தையல் இயந்திரம் இல்லாத பனியன் கம்பெனிக்கு எந்த எண்?

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். நூல் வாங்கி நிட்டிங்குக்குக் கொடுத்து, துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பி, பவர் டேபிளில் (கூலிக்குத் தைத்துத் தரும் பட்டறையில்) தைக்கவைத்து, எங்கள் பிராண்டில் டி-சர்ட்டுகளைக் கடைகளுக்கு மொத்தமாக விற்கிறோம். இணையத்திலும் கொஞ்சம் விற்பனை உண்டு. எங்களிடம் சொந்தமாகத் தையல் இயந்திரம் ஒன்றுகூட இல்லை என்பதால், பதிவு செய்து தந்தவர் உத்யம் பதிவில் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இணையவழிச் சில்லறை வணிகத்துக்கான என்.ஐ.சி. எண்ணை, அதாவது தொழில் வகையைக் குறிக்கும் எண்ணை, மட்டும் போட்டுவிட்டார். இப்போது பாக்கி வைத்திருக்கும் கடைக்காரர் ஒருவர், "நீங்கள் டிரேடர்தானே, சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற விதி உங்களுக்குக் கிடையாது" என்கிறார். எங்களுக்குச் சரியான எண் எது? அதை எப்படி மாற்றுவது?
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் பதிவில் உள்ளபடி பார்த்தால் கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, உங்கள் தொழிலைப் பார்த்தால் இல்லை. எனவே பதிவைத் தொழிலோடு பொருந்தச் செய்வதே முதல் வேலை.

என்.ஐ.சி. எனப்படும் தேசியத் தொழில் வகைப்பாட்டில் இப்போது உத்யம் பதிவுக்குப் பயன்படுவது 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு. ஐ.நா.வின் உலகளாவிய தொழில் வகைப்பாட்டின் நான்காம் திருத்தத்தை அடியொற்றியது. அதில் 21 பிரிவுகளும், அவற்றின்கீழ் இரண்டு இலக்க எண் கொண்ட 88 உட்பிரிவுகளும் உள்ளன. ஒவ்வோர் இலக்கம் கூடும்போதும் தொழிலின் விவரம் நுணுக்கமாகிக்கொண்டே போகும். 14 என்றால் ஆடை உற்பத்தி. 1410 என்றால் விலங்கு ரோமத்தாலான ஆடை நீங்கலான ஆடைகள். 14101 என்றால் துணியாலான எல்லா வகை ஆடைகளும் அவற்றின் துணைப்பொருள்களும். 14105 என்றால் அளவெடுத்துத் தைக்கும் தையற்கடை.

சொந்த இயந்திரம் இல்லாதவர் உற்பத்தியாளர் ஆவாரா என்பதே உங்கள் கேள்வியின் மையம். இதற்கு வகைப்பாட்டிலேயே தெளிவான விடை இருக்கிறது. உற்பத்தி வேலை முழுவதையும் வெளியே கொடுத்துச் செய்விப்பவர், அந்த உற்பத்திக்குரிய மூலப்பொருள் தமக்குச் சொந்தமானதாக இருந்தால் மட்டுமே உற்பத்தியாளராகக் கொள்ளப்படுவார்; மூலப்பொருள் அவருடையதாக இல்லாவிட்டால் வணிகராகவே கொள்ளப்படுவார். நூலை நீங்கள் விலைகொடுத்து வாங்குகிறீர்கள். நிட்டிங், சாயம், தையல் என்று அது எங்கெங்கே போனாலும் உங்கள் பொருளாகவே போய் உங்கள் பொருளாகவே திரும்புகிறது. வேலை செய்தவருக்குக் கூலி மட்டும் தருகிறீர்கள். ஆகவே நீங்கள் ஆடை உற்பத்தியாளர்தான். தைத்து முடித்த பனியனைப் பிறரிடம் வாங்கி உங்கள் லேபிளை மட்டும் ஒட்டி விற்றிருந்தால், 4641 என்ற ஜவுளி மொத்த வணிக வகுப்பில்தான் வந்திருப்பீர்கள். உங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரரும் தம்மளவில் ஆடை உற்பத்தியாளரே. மூலப்பொருள் அவருடையதல்ல என்பது அவருடைய வகுப்பை மாற்றாது.

இதை நிரூபிக்க வேண்டிய நாள் வரக்கூடும் என்பதால், நூல் வாங்கிய பில், ஒவ்வொரு கட்டத்திலும் துணியை அனுப்பியபோது எழுதிய டெலிவரி சலான், ஜாப் ஒர்க் கூலிக்கான பில் ஆகியவற்றை ஒரே கோப்பில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் பலர் கோட்டைவிடுவது சலானில்தான்: வேனில் துணி ரோல்களை ஏற்றிவிட்டு, துண்டுச்சீட்டில் கிலோவை மட்டும் குறித்தனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இனி எந்த எண் என்று பார்ப்போம். பனியன் என்றதும் பின்னலாடை உற்பத்திக்குரிய 1430-ஐப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரின் பெயரே பின்னலாடைக்குப் பேர்போனது என்பதால் அது இயல்பாகவும் தோன்றும். ஆனால், இயந்திரத்திலேயே ஆடை வடிவத்தில் நேரடியாகப் பின்னப்படும் ஸ்வெட்டர், சாக்ஸ் போன்றவற்றுக்கே அந்த வகுப்பு உரியது. பின்னிய துணியைக் கட்டிங் செய்து தைக்கும் டி-சர்ட் 1410-க்குள் வரும். ஆகவே உங்கள் முதன்மை எண் 14101. இணைய விற்பனைக்கான 4791 வகுப்பின் எண்ணையும் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் சொந்த உற்பத்தியை நீங்களே விற்பதற்காக அது அவசியமில்லை. பிறர் சரக்கையும் வாங்கி விற்றால் மட்டும் சேருங்கள்.

உத்யம் பதிவில் திருத்துவது எளிது. பதிவு எண்ணும் ஓ.டி.பி.யும் கொண்டு அரசின் உத்யம் தளத்தில் உள்ளே சென்று, திருத்தப் பகுதியில் முதன்மைச் செயல்பாட்டை உற்பத்தி என்று மாற்றி, இரண்டு இலக்கம், நான்கு இலக்கம், ஐந்து இலக்கம் என்ற வரிசையில் 14101-ஐத் தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டும். அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் தனியார் தளங்கள் அரசுத் தளத்தைப் போலவே முகப்பு வைத்திருக்கும், கவனம். புதிதாக இன்னொரு பதிவு எடுக்கலாமே என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். ஒரு நிறுவனத்துக்கு ஒரே உத்யம் பதிவுதான். ஆனால் அந்த ஒரே பதிவில் எத்தனை செயல்பாடுகளையும் சேர்க்கலாம் என்று 26.6.2020 தேதியிட்ட அறிவிக்கையே சொல்கிறது. அதே அறிவிக்கையின்படி, தெரிந்தே தவறான தகவல் தருவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன் 27-ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியது.

இந்த எண் உங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டுவட்டியாகத் தர 16-ஆம் பிரிவு வழிசெய்கிறது. சில்லறை, மொத்த வியாபாரிகளை 2021 ஜூலையில் உத்யம் பதிவுக்குள் சேர்த்தபோது, முன்னுரிமைக் கடன் என்ற பயனை மட்டுமே அவர்களுக்குத் தந்தார்கள். கடைக்காரர் பிடித்துக்கொண்டிருப்பது இந்த இடத்தைத்தான். எண்ணைத் திருத்திய பிறகு அனுப்பும் சரக்குக்கு உங்கள் நிலை வலுவாக இருக்கும். திருத்தத்துக்கு முந்தைய பில்களுக்கு அவர் வழக்காடத்தான் செய்வார் என்பதால், அந்தப் பாக்கிக்கு வழக்கறிஞரின் கருத்தைத் தனியே கேளுங்கள்.

அடுத்து கம்பெனிப் பதிவு. கம்பெனியின் அடையாள எண்ணான உங்கள் சி.ஐ.என். எண் 21 எழுத்தும் இலக்கமும் கொண்டது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனியைக் குறிக்கும் 'யு' முதலில் வரும். அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழிலைக் குறிக்கும். பிறகு கோவைப் பதிவாளர் எல்லையைக் காட்டும் 'டி.இசட்.', தொடங்கிய ஆண்டு, கம்பெனியின் வகை, இறுதியில் ஆறு இலக்கப் பதிவு எண். இங்கும் வணிக எண் விழுந்திருந்தால் உடனே பதற வேண்டியதில்லை. முதலில் மெமோராண்டத்தில் (கம்பெனியின் அமைப்பு ஆவணத்தில்) உள்ள நோக்கக் கூறை, அதாவது கம்பெனி என்ன தொழில் செய்யும் என்று சொல்லும் பகுதியை, படித்துப் பாருங்கள். "ஆடைகளை உற்பத்தி செய்தல், செய்வித்தல், வாங்கி விற்றல்" என்ற பொருளில் அது விரிவாக எழுதப்பட்டிருந்தால் உங்கள் தொழிலுக்குச் சட்டத்தடை ஒன்றுமில்லை. ஐந்து இலக்கங்களுக்காக மட்டும் பொதுக்குழுவைக் கூட்டுவது வீண்செலவு என்பது என் கருத்து. ஆண்டு அறிக்கையில் முதன்மைத் தொழிலையும் மொத்த விற்பனையில் அதன் சதவீதத்தையும் கேட்கும் இடத்தில், உண்மையான தொழிலை எழுதிவாருங்கள்.

நோக்கக் கூறில் வணிகம் மட்டுமே இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். கம்பெனிகள் சட்டம், 2013-இன் 13-ஆம் பிரிவின்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதாவது, எதிராக விழும் வாக்குகளைப்போல் குறைந்தது மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். கூட்டத்துக்கு 21 முழு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். தீர்மானத்தை 30 நாளுக்குள் எம்.ஜி.டி.-14 படிவத்தில் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் பதிவு செய்யும்வரை மாற்றம் செல்லாது. தொழில் வகுப்பே மாறினால் சி.ஐ.என். எண்ணும் மாறும். அதன்பின் லெட்டர்ஹெட், பில் புத்தகம், வங்கிக்கணக்கு என எல்லாவற்றிலும் புதிய எண் ஏற வேண்டும்; ஏனெனில் கடிதத்தாளிலும் பில்லிலும் சி.ஐ.என். இருக்க வேண்டும் என்பது 12-ஆம் பிரிவின் கட்டாயம்.

கேள்வி: மஞ்சள் தூள், மசாலாத் தூள் அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறேன். பக்கத்திலேயே சிறிய மெஸ்ஸும் நடத்துகிறேன். சில சமயம் அரைத்த தூளையே மூட்டையாக வாங்கி பாக்கெட் போடுவதும் உண்டு. எந்த எண்ணைக் கொடுப்பது?
– வாசகி, ஈரோடு

பதில்: மூன்றும் மூன்று வகுப்பு. அரைப்பது 1079-க்குள் வரும் உணவுப்பொருள் உற்பத்தி. மெஸ் 56-ஆம் உட்பிரிவு. அரைத்த தூளை வாங்கி வெறுமனே பாக்கெட் மாற்றுவது, நீங்கள் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், வணிகம். ஒரே உத்யம் பதிவில் மூன்றையும் சேர்க்கலாம். முதன்மை எது என்பதை, விற்பனைத் தொகையைவிட, உங்கள் உழைப்பால் எதில் மதிப்பு அதிகம் கூடுகிறது என்பதைக்கொண்டு தீர்மானிப்பதே வகைப்பாட்டின் முறை. அந்தக் கணக்கு கைக்கு வராதபோதுதான் விற்பனையையோ ஆள்பலத்தையோ அளவாகக் கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் மென்பொருள் கம்பெனியின் சி.ஐ.என். எண்ணில் 72200 என்று இருக்கிறது. இப்போதைய பட்டியலில் 72 என்பது அறிவியல் ஆராய்ச்சி என்று காட்டுகிறது. பதிவாளர் அலுவலகம் தவறு செய்துவிட்டதா?
– வாசகர், சென்னை

பதில்: தவறில்லை. 2004-ஆம் ஆண்டுப் பட்டியலில் கணினி சார்ந்த தொழில்கள் 72-இல் இருந்தன. 2008 பட்டியலில் மென்பொருள் எழுதுவது 62-க்குப் போய்விட்டது. உங்கள் எண் பழைய பட்டியலைச் சேர்ந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, உத்யம் பதிவில் மட்டும் 62-இன்கீழ் பொருத்தமான ஐந்து இலக்க எண்ணைக் கொடுங்கள்.

கேள்வி: ஜி.எஸ்.டி. பில்லில் டி-சர்ட்டுக்கு 6109 என்று போடுகிறோம். அதையே என்.ஐ.சி. எண்ணாகக் கொடுக்கலாமா?
– வாசகர், அவிநாசி

பதில்: கூடாது. 6109 என்பது சரக்கைக் குறிக்கும் எச்.எஸ்.என். எண், என்.ஐ.சி. தொழிலைக் குறிப்பது. வருமானவரிப் படிவத்தில் கேட்கும் தொழில் எண் அத்துறையின் தனிப்பட்டியலைச் சேர்ந்தது. அதை ஆடிட்டரிடம் கேட்டே எழுதுங்கள்.