இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள்

கேள்வி: லண்டனில் ஓர் ஏலத்தில், 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வேலைப்பாடு என்று சொல்லி விற்ற எழுதுமேசை ஒன்றை வாங்கினேன். சாய்வு மூடி, கீழே நான்கு இழுப்பறைகள். இரும்பாய்க் கனக்கிறது, இழுப்பறையைத் திறந்தால் கற்பூர வாசனை. நண்பர் ஒருவர் இது சீனாவில் செய்தது என்கிறார். ஏமாந்துவிட்டேனா? கறுத்துப்போன பாலிஷைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடலாமா?

பதில்: நண்பர் சொல்வது சரியென்றால், கிடைப்பதற்கு அரிய பொருள் ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. பாலிஷைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

சீனாவின் காண்டன், அதாவது இன்றைய குவாங்சோ நகரத்துத் தச்சர்கள், ஐரோப்பியர் கேட்ட வடிவத்திலேயே மேசையும் நாற்காலியும் செய்து கொடுத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் அதிகாரிகளுக்குச் சொந்தக் கணக்கில் கொஞ்சம் சரக்கு ஏற்றிக்கொள்ளும் உரிமை இருந்தது. இத்தகைய மேசைகள் பல அப்படித்தான் இங்கிலாந்து வந்தன. அன்றே கேட்டு வாங்கியவற்றைப் போலி என்பது அநியாயம்.

முகப்பு, வாங்குபவர் சொன்னபடி அமைந்தது. தச்சரின் பழகிய கை தெரிவது மறைவிடங்களில். ஆகவே ஓர் இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அக்கால ஆங்கிலேயத் தச்சர்கள் விலையுயர்ந்த மரத்தை முகப்பில் வைத்து, உள்ளே ஓக் அல்லது பைன் பலகையால் முடித்துவிடுவார்கள். காண்டன் வேலையில் உள்பக்கமும் கனமான கடின மரமாகவோ, பூச்சி அண்டாத கற்பூர மரமாகவோ இருக்கும். அடுத்து மேசையின் பின்புறம். ஆங்கிலேய மேசையில் பின்பலகையைப் பெரும்பாலும் ஆணியடித்துப் பொருத்தியிருப்பார்கள். சீனத் தச்சர் சட்டத்தில் காடி (நீளவாக்கில் பள்ளம்) எடுத்து, பலகையை ஆணியும் பசையும் இல்லாமல் அதற்குள் செருகிவிடுவார். மறைவான மூட்டுகளில் சீன எழுத்தில் மைக்குறிகள் இருக்கின்றனவா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்; அது கிடைத்தால் வலுவான சான்று.

மரம் படாக் ஆக இருக்கலாம். நம் வேங்கையின் இனம் அது. வெளிச்சம் பட்ட இடம் பழுப்பாகி, இழுப்பறை மூடிய பகுதி இன்னும் சிவந்திருக்கும். பழைய திருகுத் துளையில் உதிரும் துகளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஊறவிட்டு வெயிலில் பிடித்தால், வேங்கைக் குவளைத் தண்ணீரில் தெரிவது போன்ற நீல ஒளி பல நேரம் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஆனால் இங்கிலாந்திலும் விசாகப்பட்டினத்திலும் கூடப் படாக்கில் வேலை செய்திருக்கிறார்கள் என்பதால், மரத்தை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள். கைப்பிடிகள் மங்கிய வெள்ளியைப் போல இருந்தால், செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த பாக்தோங் உலோகமாக இருக்கலாம். அதுவும் ஒரு துணைச் சான்றுதான்.

பராமரிப்புக்கு மென்மையான உலர்ந்த துணியும், ஆண்டுக்கு ஒருமுறை மெல்லிய தேன்மெழுகும் போதும். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். குளிர்காலத்தில் அறை வறண்டு பலகை சுருங்கும்போது, காடியின் ஓரத்தில் வெளிறிய கோடு ஒன்று தெரியும். பயந்து பசை ஊற்றி அடைக்க வேண்டாம். பலகை சுருங்கி விரிவதற்காகவே தச்சர் அதை அப்படி விட்டிருக்கிறார்; ஒட்டிவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் பலகை நடுவே பிளக்கும்.

விற்கும் எண்ணம் இருந்தால், சாவித்துளையைச் சுற்றி வெள்ளைத் தகடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூதக்கண்ணாடியில் சிறு கரும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. குறுக்கு வெட்டில் வலைபோல் பின்னிய கோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம். தந்தம் என்றால், 2022 ஜூன் முதல் பிரிட்டனில் நடைமுறையிலுள்ள தந்தச் சட்டத்தின்படி, பதிவு செய்யாமல் விற்க முடியாது. 1947 மார்ச் மாதத்துக்கு முன் செய்ததாகவும், தந்தம் மொத்தக் கன அளவில் 10 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால் பதிவு கிடைக்கும். பதிவு வேண்டுமே என்று தகட்டைப் பெயர்த்தெடுத்துவிடாதீர்கள்.