பூங்காவில் பீர் குடித்தால் பெர்லினில் போலீஸ் பிடிக்குமா?

கேள்வி: முதுகலை படிக்க அக்டோபரில் பெர்லின் போகிறேன். அங்கே தெருவிலும் பூங்காவிலும் பீர் பாட்டிலோடு சாதாரணமாக உட்காருவார்களாம். சட்டப்படி சரியா? எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. கூட உட்கார்ந்தால் சங்கடமாக இருக்குமா?

பதில்: பிடிக்க மாட்டார்கள். பொது இடத்தில் குடிப்பதை நாடு முழுக்கத் தடுக்கும் சட்டம் ஜெர்மனியில் இல்லை. பீர், ஒயின் வாங்க 16 வயது ஆகியிருந்தால் போதும். வோட்கா, விஸ்கிக்கு 18. வேலை முடிந்து நடந்துகொண்டே குடிக்கும் பீருக்கு ‘வெக்பியர்’ என்று தனிப் பெயரே உண்டு. அதை விற்கும் இரவுக் கடைக்கு ‘ஷ்பேட்டி’ என்று பெயர். 2008-இல் மூடப்பட்ட டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் ஓடுபாதை இப்போது பெரிய பூங்கா. கோடை மாலையில் குழந்தைகள் பட்டம் விட, பெரியவர்கள் பக்கத்தில் பீரோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒளிந்து குடிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் அவசரமும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

ஆனால் இதை வைத்து ஐரோப்பா முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஹாம்பர்க் நகரப் பேருந்திலும் ரயிலிலும் 2011 முதல் குடிக்கத் தடை. வியன்னாவின் பிராட்டர்ஷ்டெர்ன் சதுக்கத்தில் 2018 முதல் தடை. பக்கத்து நாடான போலந்தில் தெருவில் குடித்தாலே அபராதம். ஊர் மாறினால் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

பெர்லினிலேயே நம் மாணவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். வாடகை மின் ஸ்கூட்டரை சைக்கிள் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். சட்டம் அதைக் கார் போலப் பார்க்கிறது, ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 புரோமில் (ஆயிரத்தில் 0.5 பங்கு) இருந்தாலே குற்றம், 21 வயதுக்குள் இருந்தால் துளிகூடக் கூடாது. குடித்த நண்பர் ஸ்கூட்டரை எடுத்தால் தடுத்து, ரயிலில் அழைத்துப் போங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தமும் கூடாது, அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிடுவார்கள்.

அப்புறம் காலி பாட்டில். சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், கேனுக்கு 25 சென்ட் முன்பணம் விலையோடு வாங்கியிருப்பார்கள். கடையில் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். வேண்டாமென்றால் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிற்க வையுங்கள். அதைச் சேகரித்துச் செலவைச் சமாளிக்கும் முதியவர்கள் பலர் உண்டு. தொட்டிக்குள் போட்டால், உடைந்த கண்ணாடிக்கு நடுவே அவர்கள் கைவிட்டுத் தேட வேண்டியிருக்கும்.

குடிக்காதது அங்கே ஒரு விஷயமே இல்லை. “நான் குடிப்பதில்லை” என்றால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ‘ஆப்ஃபெல்ஷோர்லே’ எங்கும் கிடைக்கும். ‘அல்கஹோல்ஃப்ரை’ என்று எழுதிய பீரில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். அறவே வேண்டாமென்றால் 0.0 என்று போட்டதை வாங்குங்கள். பாட்டிலை முட்டி ‘ப்ரோஸ்ட்’ சொல்லும்போது மட்டும் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். கையில் ஆப்பிள் சாறு இருந்தாலும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.