முதல் வரியில் வர வேண்டியது

கேள்வி: பொறியியல் கல்லூரிகளில் ஆங்கில, தமிழ் ஆசிரியர்கள் இனி எதற்கு? பிழை திருத்த மென்பொருள் வந்துவிட்டதே!
– ஈரோடு வாசகர்

பதில்: பிழை திருத்துவது மட்டுமே அவர்கள் வேலை என்றால், நீங்கள் சொல்வது சரி. அந்த வேலை போகட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் 2003இல் கொலம்பியா விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் மாண்டார்களே, அந்த விசாரணை அறிக்கை என்ன சொன்னது தெரியுமா?

ஏவும்போது எரிபொருள் தொட்டியின் உறையிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு விண்கலத்தின் இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து, பவர்பாயின்ட்டில் விளக்கினார்கள். முன்பு சோதனை செய்த துண்டு 3 கன அங்குலம்; மோதியது சுமார் 1,920 கன அங்குலம். 640 மடங்கு! அந்த எண்கள் ஒரு பக்கத்தின் அடியில், கடைசி வரியில் கிடந்தன. தலைப்போ கவலைப்பட ஒன்றுமில்லை என்ற எண்ணத்தைத் தந்தது. முறையான தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக இப்படிப் பக்கம் பக்கமாகக் காட்டும் பழக்கத்தையே விசாரணைக் குழு கண்டித்தது. இலக்கணம் திருத்தும் மென்பொருளின் கண்ணில் இந்தக் குறை படாது. எதை முதலில் சொல்வது, யாருக்குச் சொல்வது என்று கற்றுத்தருவதுதான் இன்று மொழி ஆசிரியரின் வேலை.

நம் கல்லூரிகள் பலவற்றில் மொழி வகுப்பு முதலாண்டோடு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு ஆண்டுவிழா வரவேற்புரைக்குத்தான் அந்த ஆசிரியரைத் தேடுகிறார்கள். இது எனக்குக் கோபமூட்டுகிறது.

ஒரு தனியார் கல்லூரியில் இறுதியாண்டு புராஜெக்ட்டுகளைப் பார்க்க அழைத்திருந்தார்கள். பம்ப் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி செய்த மாணவர், தலைநிமிராமல் ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டே போனார். "இதை ஏன் செய்தீர்கள், தம்பி?" என்று தமிழில் கேட்டேன். "கிணறு வற்றினதும் மோட்டார் வெறுமனே ஓடி காயில் கருகிவிடும், சார். அப்பா ஒரே கோடையில் மூன்று தடவை காயில் கட்டினார்" என்றார். அறிக்கையைப் புரட்டினேன். அறுபது பக்கத்தில் அந்தக் கிணறு எங்கேயும் இல்லை. அதுவல்லவா முதல் வரியாக வந்திருக்க வேண்டும்?

தமிழாசிரியருக்கும் இன்று புதிய வேலை வந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. 2022இல் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற பாடங்கள் முதலாண்டுக்கு வந்தன. ஏரி நீரைத் திறந்துவிடும் பழைய மதகான குமிழித் தூம்பும், கணினியில் தமிழைக் கையாளும் கணித்தமிழும் பாடத்தில் உண்டு. தூம்பு வழியே வண்டல் எப்படி வெளியேறும் என்று சிவில் மாணவர் கேட்டால், செய்யுளை மட்டும் படித்துவந்த ஆசிரியர் திணறுவார். அவரும் நீரியல் ஆசிரியரும் சேர்ந்து அந்த வகுப்பை எடுக்கட்டும்.

இறுதியாண்டு புராஜெக்ட் மதிப்பீட்டுக் குழுவில் மொழி ஆசிரியருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், மதிப்பெண் போடும் உரிமையோடு. அந்தக் கிணற்றைப் பற்றி அவர் முதல் மாதமே கேட்டிருப்பார்.